வாசலில் விட்ட ஜோடி

டிசம்பர் 24, செவ்வாய், வியன்னா

ஐரோப்பியக் கண்டத்துப் பெருமக்கள் கவனத்துக்கு: தென்காசி–மதுரை வழித்தடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அரசுப் பேருந்து ஓட்டிவரும் திரு. ஆவுடையப்பன் அவர்கள், இன்று காலை ஏழு நாற்பதுக்கு, தமது ஐம்பத்தாறாம் வயதில், முதன்முதலாக ஜீன்ஸ் அணிந்தார். இடம்: மகள் வீட்டுக் குளியலறை. பதினோரு நிமிடம் உள்ளே போராட்டச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் இரண்டு காலையும் அகட்டி நின்று, வலது காலை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "பரவால்ல, பிரேக்கு போட முடியுது" என்று அறிவித்தார். உயிர்ச்சேதம் இல்லை. நகரம் அமைதியாக இருக்கிறது.

இந்த டைரியை அக்கா கொடுத்தாள். "ஒழுங்கா எழுதுல, சும்மா படம் வரைஞ்சு வைக்காத" என்றாள். எழுதுகிறேன்.

எழுதுபவர்: குற்றாலநாதன், பதினொன்றாம் வகுப்பு. பெயரிலேயே குற்றம் உள்ளவன். ரேஷன் கடையில் குடை இலவசம் என்று கிளப்பிவிட்டு நாற்பது பேரை வெயிலில் வரிசையில் நிறுத்தியவன். அந்த வரிசையில் அம்மாவும் நின்றாள் என்பது என் தொழில் வாழ்க்கையின் உச்சம். இதுவரை பிடிபட்டதில்லை. பிடிபட்டாலும் பயப்படுகிற ஆள் இல்லை.

அம்மா பெயர் உலகம்மாள். உலகம்மாள் உலகம் சுற்ற வந்திருக்கிறாள். அக்கா சங்கரி இங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி இந்த ஆவணியோடு முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் இரண்டு பேரும் தனியாகப் போன ஒரே இடம் கண் ஆஸ்பத்திரி. அதனால் அக்கா டிக்கெட் போட்டாள். நான் இலவச இணைப்பு.

டிசம்பர் 25, புதன்

நாளை மறுபடி விடுமுறை. ஊரில் எல்லாக் கடையும் பூட்டியிருக்குமாம். கூட்டம் குறைவு. அப்பாவும் அம்மாவும் மட்டும் நாள் முழுக்கக் கால்நடையாக நகரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் திட்டம். "நீங்க ரெண்டு பேரு மட்டும். இவன் வேண்டாம்" என்றாள்.

"எங்களுக்கென்ன பாஷயா தெரியும்?" என்றாள் அம்மா.

"பாக்குறதுக்கு எதுக்கும்மா பாஷ?"

அப்பா சொன்னார்: "வா உலகு. தொலைஞ்சா ஒண்ணா தொலைவோம்."

அம்மாவுக்கு வெட்கம் வந்தது. நான் பார்த்தேன். ஐம்பது வயதில் அதெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியாது.

மேப் போடும் பணி என்னிடம் வந்தது. பனி ஊரில் பணி. ஏழு இடம், ஏழு எண், அம்புக்குறி, பக்கத்தில் தமிழில் குறிப்பு. 1, ஓபரா மாளிகை. 2, பேரரசியின் சிலை. "மூன்று முறை சுற்றினால் மருமகன் அமைவான்" என்று எழுதினேன். அக்கா கல்யாணத்துக்காக அம்மா முப்பது முறை சுற்றுவாள். 4, பெரிய மாதா கோயில், வானத்தைக் குத்தும் கோபுரம். அதற்குப் பக்கத்தில் எழுதியது என்ன என்பது நாளை தெரியும். அக்கா அடுப்படியில் இருந்ததால் தணிக்கைக்குப் போகாமல் தப்பியது.

இன்னொரு செய்தி. அப்பாவின் புது ஷூவைப் பற்றி உலகம் அறிய வேண்டும். மதுரையில் கால் அளவெடுத்துச் செய்தது. கறுப்பு, எட்டாம் நம்பர், அகல மூக்கு. இரண்டு எருமைக் கன்று பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பதுபோல் இருக்கும். ஏன் இப்படி ஒன்று என்று கேட்டால், "மெத்துனு இருக்கும்ல" என்கிறார். தினமும் படுக்கப்போகும் முன் அம்மா அப்பாவின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கிறாள். கைரேகை முடிந்து கால்ரேகை ஜோசியத்துக்கு வந்துவிட்டாள் போல. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குக் காரம், எனக்குப் புளிப்பு. இந்த வீடே ஒரு மளிகைக் கடை.

டிசம்பர் 26, வியாழன்

காலை 9.05. ஜோடி கிளம்பிவிட்டது. வெளியே மைனஸ் இரண்டு. அம்மா சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் கவலை. அப்பா என் மேப்பைச் சட்டைப்பையில் டிக்கெட் கட்டுபோலச் செருகிக்கொண்டு, "ரை ரைட்" என்றார்.

நான் கீழே பூங்காவுக்குப் பனி பார்க்கப் போகிறேன். அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே வாக்குமூலம் இருப்பது நல்லது.

பகல் 1.15. பூங்காவிலிருந்து வந்துவிட்டேன். பூங்கா நன்றாக இருந்தது. மரங்கள் இருந்தன. ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் பனி இருந்தது. நான்கு மணி நேரமா பனி பார்த்தாய் என்று அக்கா கேட்டாள். நிறைய இருந்தது என்றேன். என் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன். பையில் ஒன்றும் இல்லை.

அப்பா அம்மா வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வரவில்லை.

2.20. அக்கா போன் அடித்தாள். அப்பா போன் அணைந்திருக்கிறது. "குளிருல பேட்டரி செத்துரும். ஒண்ணும் இல்ல" என்றாள். அம்மாவின் போன் இங்கே சோபாவின் மேல் அடிக்கிறது.

3.00. வரவில்லை. கடை எல்லாம் பூட்டியிருக்கிறது என்பது உண்மையா என்று அக்காவிடம் கேட்டேன். செருப்புக் கடைகூடவா என்று கேட்டேன். "உனக்கு எதுக்குல செருப்புக் கட?" என்றாள். சும்மா என்றேன்.

3.50. இந்த ஊரில் சூரியனுக்கு அரை நாள்தான் வேலை. இப்போதே இருட்டிக்கொண்டு வருகிறது. ஜன்னலில் நிற்கிறேன். கீழே நடைபாதையில் பனி வழுக்காமல் இருக்க ஏதோ தூவியிருக்கிறார்கள். காலையில் பார்த்தேன். மணல் இல்லை. உடைத்த சல்லி. கூர்கூராக.

4.30. அக்கா கோட்டை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "எங்கன்னு போயித் தேட?" என்றாள். பிறகு தன்னிடமே பேசுகிற மாதிரி, "அந்த ஷூவ மட்டும் கழத்தாம இருந்தாப் போதும்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"அப்பாவுக்குக் காலு மரத்துப் போச்சுல. உள்ளங்கால்ல ஊசி குத்துனாக்கூடத் தெரியாது. சுகர்னால. ஒரு வருசமாச்சு. சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது, அப்படியே மேல ஏறும். அதுக்குத்தான் அந்த ஷூ. அதுக்குத்தான் அம்மா தெனமும் பாக்கா."

"பஸ் ஓட்டுதாருல்ல?"

"எங்க ஓட்டுதாரு? பெடலு எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியலன்னு அவராவே எழுதிக் குடுத்துட்டாரு. ஆறு மாசமா டெப்போவுல டோக்கன் குடுக்குதாரு. உன்கிட்ட சொல்லாண்டாம்னாரு. பையன் பள்ளிக்கூடத்துல எங்கப்பா டிரைவர்னு சொல்லிட்டுத் திரியுதான், திரியட்டும்னாரு."

ஒருவர் எதற்காகப் பிரேக்கை அழுத்திப் பார்ப்பதுபோல் வெறும் தரையை அழுத்திப் பார்ப்பார் என்று இப்போது தெரிகிறது.

கட்டில்மேல் உட்கார்ந்திருக்கிறேன். கீழே இறங்கினால் கால் அந்தப் பையில் படும்.

6.10. வந்துவிட்டார்கள்.

ஐந்தரைக்குக் கதவு மணி. முதலில் அம்மாவின் முகம், அதில் ரத்தமே இல்லை. பின்னால் அப்பா, சுவரைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டு. கால்களில் ஷூ இல்லை. வலது காலில் அம்மாவின் சால்வை சுற்றியிருந்தது. இடது காலில் இரண்டு பிளாஸ்டிக் பை.

"ஏல, நீ போட்ட மேப்பு பிரமாதம்ல. ஏழு எடமும் பாத்தாச்சு."

"ஷூ எங்கப்பா?" அக்கா கத்தினாள்.

"கோயில் வாசல்ல கழத்திப் போட்டுட்டு உள்ள போனோம். சாமி கும்பிட்டுட்டு வந்து பாத்தா இல்ல. ஒங்கம்மாது இருக்கு. என்னதக் காணும்."

"கோயில்ல எதுக்குப்பா கழத்துனீங்க? இங்க யாரும் கழத்த மாட்டாங்க!"

"சாமி இருக்க எடத்துல எப்படி ஷூவோட போவ? மேப்புலயும் போட்டிருந்துச்சுல்லா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் நான் தெரியவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து சால்வையை அவிழ்த்தாள். சாக்ஸின் அடிப்பக்கம் சல்லடையாகிக் கிடந்தது. பெருவிரலுக்கு அடியில் சிவப்பும் கறுப்பும் கலந்து ஒட்டியிருந்தது. அம்மா இழுத்தபோது அது சாக்ஸோடு வந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோல்.

"இது எப்பப் பட்டுச்சு?" என்றார்.

டிசம்பர் 27, வெள்ளி

ஆஸ்பத்திரி. அப்பாவை உள்ளே வைத்துக்கொண்டார்கள். நரம்பில் மருந்து ஏறுகிறது.

டாக்டர் ஒரு அம்மா, குட்டை முடி. மெல்லிய நைலான் இழையால் அப்பாவின் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அக்கா மொழிபெயர்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பத்து இடத்தில் தொட்டார். அப்பா இரண்டு தடவை "ஆமா" என்றார். அதில் ஒன்று டாக்டர் தொடாதபோது.

புண்ணுக்குள்ளிருந்து மூன்று சல்லி எடுத்தார்கள். நெல்லளவு. ஒரு தட்டில் போட்டபோது டிங் என்று சத்தம் கேட்டது. விஷம் எலும்பு வரை போயிருந்தால் பெருவிரலை எடுக்க வேண்டும், அதோடு நிற்குமா என்று சொல்ல முடியாது, ஐந்து நாளில் மறுபடி படம் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். அக்கா இதை அப்பாவுக்குப் பாதிதான் மொழிபெயர்த்தாள். வெளியே வந்து எனக்கு முழுதும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். ரொட்டி சேரவில்லை என்று சொன்னேன்.

சரி. எழுதிவிடுகிறேன். டைரிக்குக்கூடப் பொய் சொன்னால் அப்புறம் யாரிடம் போவது.

பூங்கா இல்லை. நான் அவர்களுக்குப் பின்னால்தான் போனேன். மேப்பில் நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில், "காலணிகளை வாசலில் கழற்றி விடவும்" என்று எழுதியிருந்தேன். அப்பா சாக்ஸோடு உள்ளே போவதை வீடியோ எடுத்து ஊரில் பையன்களுக்குக் காட்டவேண்டும் என்பதுதான் திட்டம். கோயிலுக்குப் பக்கத்தில் குதிரை வண்டிகள் நிற்கும். ஒரு குதிரைக்குப் பின்னால் மறைந்து நின்றேன்.

அப்பா குனிந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் எடுத்துக் கழற்றினார். சுவரோரமாக இரண்டையும் சேர்த்து, மூக்கு உள்பக்கம் பார்க்க வைத்தார். அம்மா அவளுடையதைப் பக்கத்தில் வைத்தாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போதுதான் அது தோன்றியது. ஐந்து நிமிடம் ஒளித்துவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். வெறும் ஐந்து நிமிடம். எடுத்துப் பையில் போட்டேன். அம்மாவுடையதை எடுக்கவில்லை, அவள் கை எப்படிப் பேசும் என்று தெரியும். தொப்பி போட்ட வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சத்தம் போட்டார். ஓடினேன். ஒரு சந்து, இன்னொரு சந்து. நின்று திரும்பிப் பார்த்தால் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. என் போனில் வீட்டு வைஃபை மட்டும்தான். சுற்றிச் சுற்றித் திரும்பக் கோயிலைப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாசல் காலி.

வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். டிராம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தேன்.

ஒன்றேகாலுக்கு அக்காவிடம் சொல்லியிருந்தால், நான் எழுதிய வரிசையிலேயே போய் ஐந்தாம் இடத்திலோ ஆறாம் இடத்திலோ பிடித்திருக்கலாம். மேப் என் தலைக்குள் இருந்தது. "எங்கன்னு போயித் தேட?" என்று அவள் கேட்டபோது நான் ஜன்னலில் நின்றேன்.

டிசம்பர் 28, சனி

அப்பா பக்கத்துக் கட்டில் தாத்தாவோடு சிநேகமாகிவிட்டார். அவர் ஜெர்மனில் பேசுகிறார், இவர் தென்காசியில் பேசுகிறார். இரண்டு பேரும் மருமகன்களைத் திட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் மருமகனே இல்லை.

அக்கா போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றாள்.

"போட்டும்ட்டி" என்றார் அப்பா. "இந்தக் குளிருல எவனோ வெறுங்காலோட நின்னுருப்பான். அவன் காலுக்குச் சேந்துச்சோ என்னவோ. எட்டாம் நம்பரு. போட்டுக்கிடட்டும், பாவம்."

"ஒங்களுக்கு வெறுங்காலு பரவால்லயாக்கும்?"

"எனக்கென்ன, திருச்செந்தூருக்குப் பதினேழு வருசம் வெறுங்காலோட நடந்தவன். அதான் ஒங்கம்மாகிட்டயும் சொன்னேன். காலு ஒண்ணும் பண்ணல, வா, மிச்சத்தையும் பாத்துட்டே போவோம், மறுபடியும் எப்ப வரப்போறோம்னு."

அதுதானே பயங்கரம். ஒன்றும் பண்ணவில்லை. வலித்திருந்தால் இரண்டாவது தெருவிலேயே உட்கார்ந்திருப்பார்.

வராந்தாவில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாம் என்னாலதான்யா. கோயில்லருந்து நேரா வந்திருக்கலாம். நாந்தான் அந்த ராசா அரமணைய ஒரு எட்டுப் பாத்துருவோம்னு சொன்னேன். சால்வையும் பையும் சுத்தியிருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுட்டேன். பிறவு அந்தத் தோட்டம். ஒங்கப்பா எனக்காகத்தான் நடந்தாவ. முப்பது வருசத்துல ஒருநா எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டவ நானு. கூட்டிட்டுப் போனாவ."

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்த கையை வெட்டிப் போடலாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

அப்பாவுக்குக் காய்ச்சல் நூற்று இரண்டு. சிலேடை ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. கணுக்கால் வரை சிவப்பு இருந்தது, டாக்டர் பேனாவால் அதன் எல்லையைக் காலிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார். கோட்டைத் தாண்டினால் ஆபத்து. நான் போனதும் முதலில் கோட்டைத்தான் பார்க்கிறேன். பரீட்சை மார்க்கைக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

இன்று புதுச் சிக்கல். எலும்பு தப்பித்தாலும் அப்பா சாதாரண ஷூவில் ஒரு அடி வைக்கக்கூடாது, இடது காலும் இதே மாதிரி ஆகிவிடும் என்றார் டாக்டர். காலுக்கு அளவெடுத்துச் செய்தது வேண்டும். இங்கே செய்ய மூன்று வாரம் ஆகும், பண்டிகை நேரம். எங்கள் விமானம் ஐந்தாம் தேதி.

"அது மட்டும் இருந்துச்சுன்னா!" என்றாள் அக்கா. "அந்தத் திருடன் கையில கெடச்சா..."

நாளை பையை எடுத்துக்கொண்டு போகிறேன். இன்றே எடுத்துக்கொண்டு போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். லிஃப்ட் வரை போனது. பிறகு என்னோடு திரும்பி வந்தது. ராத்திரி முழுக்க எருமைக் கன்று இரண்டும் கட்டிலுக்கடியில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 31, செவ்வாய்

வரலாற்றில் பொறிக்கவேண்டிய நாள்.

இன்று பகல் பதினொன்றரைக்கு, அப்பாவின் வார்டில், அப்பா, அம்மா, அக்கா மூன்று பேர் முன்னிலையில், நான் எழுந்து நின்றேன். பையைத் திறந்தேன். ஷூ இரண்டையும் எடுத்துக் கட்டில் மேசைமேல் வைத்தேன். "திருடன் நான்தான்" என்றேன். குரல் நடுங்கவில்லை. மேப்பில் எழுதியது முதல் ஒன்றேகால் மணிக்கு வாயை மூடிக்கொண்டது வரை, ஒன்று விடாமல், வரிசையாகச் சொன்னேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அறை முழுக்க அமைதி. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ ஆம்பளல" என்று தோளில் தட்டினார்.

தண்டனையை ஏற்கத் தயார் என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன். எதிரிகூட மரியாதை செய்யும் நடை.

நாளை காலை படம் எடுக்கிறார்கள்.

ஜனவரி 1, புதன்

காலை 8.00. கோட்டைத் தாண்டவில்லை. படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து முருகனிடம் ஏதேதோ பேரம் பேசுகிறாள். என் பேரும் அதில் அடிபடுகிறது. என் மொட்டை என்றும் காதில் விழுந்தது.

8.40. இன்னும் வரவில்லை.

9.15. டாக்டர் வந்து அக்காவிடம் பேசுகிறார். அக்கா முதுகு தெரிகிறது, முகம் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு விரலைப் பற்றிப் பேச இவ்வளவு நேரமா?

9.30. எலும்பு சுத்தம். விரல் இருக்கிறது.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மா டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். ஆறு வாரம் ஊன்றக்கூடாது, புண்ணுக்குத் தினமும் மருந்து, அதன்பிறகும் அந்த ஷூவைத் தவிர வேறு எதுவும் கூடாது. ஐந்தாம் தேதி சக்கர நாற்காலியில் ஊருக்கு.

மாலை 5.00. நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதில் உண்மை என்று பார்த்தால் நேரம் மட்டும்தான். பதினொன்றரை.

நான் எழுந்து நிற்கவில்லை. பையை அப்பா கட்டிலுக்கடியில் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, வார்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வைஃபையில் அம்மாவின் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அதில் முதல் ஒரு நிமிடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருந்ததாக அக்கா சொல்கிறாள். அம்மாவுக்குப் போனைக் காதில் வைத்துக் கேட்கத் தெரியாது. ஸ்பீக்கரில்தான் போடுவாள். வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில் தாத்தாவும் கேட்டார். பாஷை தெரியாமலே முழுதும் புரிந்திருக்கிறது, ஏனென்றால் இன்று காலை அவர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். மெசேஜில் என் குரலே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்தது. கை தாழ்ப்பாள்மேல் இருந்தது, திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா தட்டினாள், திறக்கவில்லை. அம்மா தட்டவில்லை, குத்தினாள். திறக்கவே இல்லை.

அப்புறம் கட்டில் கிறீச்சென்றது. சக்கரம் உருளும் சத்தம், மருந்து தொங்கும் கம்பியை யாரோ தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. ஒரு கால் மட்டும் தரையில் படுகிற சத்தம். தப். நின்றது. தப்.

"ஏல."

தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஏல குத்தாலம், கதவத் தெறல. எனக்கு ஒண்ணுக்கு வருது."

திறக்க வேண்டியதாகிவிட்டது. அப்பா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார், முகம் வேர்த்திருந்தது. தோளில் தட்டவில்லை. தோளைப் பிடித்தார், விழாமல் இருக்க. முழுக் கனத்தையும் என்மேல் போட்டார். அவர் இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"நீ ஆம்பளல" என்று சொல்லவில்லை. முடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி, மெதுவாக ஒன்று கேட்டார்:

"ஒரு மணிக்கே சொல்லிருக்கலாம்லல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பதில் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை என்று எழுதியதையும் இங்கே அடித்துவிடுகிறேன். அப்பாவின் ஆஸ்பத்திரிச் சட்டைத் தோள்பக்கம் நனைந்ததால் நர்ஸ் வந்து வேறு சட்டை மாற்றினார்.

வெளியே வந்ததும் அம்மா அறைந்தாள். அது நேற்றைய குறிப்பில் விடுபட்டுவிட்டது. இரண்டு.